'மக்கள் ஒத்துழைக்கவில்லை': யானைக்கால் மாத்திரையும் ஒரு பழைய பழியும்

யானைக்கால் நோய் பற்றிய அரசு ஆவணங்களைப் புரட்டினால் ஒரு வாக்கியம் கண்ணில் படும். மக்கள் ஒத்துழைக்கவில்லை, ஆகவே திட்டம் வெற்றி பெறவில்லை என்பது அதன் சாரம். ஆவணத்துக்கு ஆவணம் சொற்கள் மாறும். பழி மட்டும் மாறாது.

அந்த வாக்கியம் பிறந்த கதை இது. 1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் பரவியிருந்த பகுதிகளில் எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுப்பது ஒரு வேலை. வீட்டுச் சுவர்களில் டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடிப்பது இன்னொரு வேலை. சில ஆண்டுகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்தது. இரண்டும் பலிக்கவில்லை என்றது. கொசுவுக்குப் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் சக்தி வந்துவிட்டது என்பது ஒரு காரணம். மாத்திரைக்கு மக்களின் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

ஒரே மதிப்பீட்டில் கொசுவும் மக்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கொசுவும் பணியவில்லை, மக்களும் பணியவில்லை. ஆனால் கொசு ஏன் சாகவில்லை என்று ஆராய உடனே ஆள் இருந்தது. மக்கள் ஏன் விழுங்கவில்லை என்று அதே அக்கறையோடு கேட்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தக் கட்டுரை மாத்திரைக்கு எதிரானது அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.இ.சி. நல்ல மருந்து. அது நம் மக்களுக்குக் கிடைக்க வேண்டியது உரிமை. நான் சொல்ல வருவது வேறு. 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லுக்கு இந்த வரலாற்றில் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருந்திருக்கிறது: கொடுத்ததை விழுங்குவது. மருந்து கொடுக்கும் முறை மக்களின் வாழ்க்கைக்குப் பொருந்திய இடங்களிலும், முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இருந்த இடங்களிலும் இந்த 'ஒத்துழைப்பின்மை' காணாமல் போயிருக்கிறது. அப்படியானால் கோளாறு மக்களிடமா இருந்தது?

நோய் எங்கே குடியிருக்கிறது

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நூல் போன்ற மெல்லிய புழுக்கள் நம் உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடுவதால் வருவது யானைக்கால். இந்தியாவில் மிகப் பெரும்பாலான பாதிப்புக்குக் காரணம் வுச்சரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழு. ஆண் புழுவும் பெண் புழுவும் உடலுக்குள் பல ஆண்டுகள் வாழும். பெண் புழு லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனும். அவை இரவில் மேல்தோலின் ரத்தத்துக்கு வரும். கடிக்கும் கொசுவுக்குள் போய், அங்கே வளர்ந்து, அடுத்த ஆளுக்குப் போகும்.

புழு புகுந்தவுடன் கால் வீங்காது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். பிறகுதான் நெறி கட்டும், காய்ச்சல் வரும், கால் தடிக்கும், ஆண்களுக்கு விரை வீங்கும். கால் வீங்கிய பலரின் ரத்தத்தில் அப்போது நுண்புழு இருக்காது. நன்றாக நடந்துகொண்டிருப்பவரின் ரத்தத்தில் இருக்கும். அதனால்தான் நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, ஊருக்கே கொடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. "நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு மாத்திரை?" என்ற கேள்வி பிறப்பதும் இங்கேதான். அது அறியாமையில் கேட்கிற கேள்வி அல்ல. நியாயமான கேள்வி, பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி.

இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடிப் போவதில்லை. தேங்கிய சாக்கடை, மூடாத செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குட்டை, இவைதான் அதன் பிறப்பிடம். கொசு சாதி பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். யானைக்காலுக்குப் பேர்போன கும்பகோணத்தில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் கால் வீங்கியது. ஆனால் சாக்கடை சாதி பார்க்கும். ஊரின் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய்த் தேங்குகிறது, அந்த இடத்தில் யாருடைய வீடுகள் இருக்கின்றன என்று நடந்து பாருங்கள். சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு எடுப்பது யார் என்றும் பாருங்கள். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் இறங்குவது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பெயர் இல்லாத பங்கேற்பு

இந்த நோயின் அறிவியல் வரலாற்றில் முதல் 'பங்கேற்பாளர்' ஒரு தோட்டக்காரர். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் வேலை பார்த்தார். நுண்புழு கொசுவுக்குள் வளர்கிறதா என்று அறிய அவருக்கு ஒரு மனித உடல் தேவைப்பட்டது. அவருடைய தோட்டக்காரர் ஹின் லோவின் ரத்தத்தில் நுண்புழு இருந்தது. இரவில் அவரைக் கொசு புகும்படி அமைத்த அறையில் தூங்கவைத்தார். காலையில் ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். ஒரு பூச்சி மனித நோயின் கிருமியைத் தனக்குள் வளர்க்கிறது என்பது உலகுக்கு முதன்முதலில் தெரிந்தது இப்படித்தான். ரொனால்ட் ராஸின் மலேரியா ஆய்வு இதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, இதே மேன்சனின் வழிகாட்டலில் வந்தது.

மேன்சனை 'வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை' என்கிறார்கள். ஹின் லோவுக்கு என்ன சொல்லப்பட்டது, அவரால் மறுத்திருக்க முடியுமா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. முதலாளி சொன்னால் வேலைக்காரர் படுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒத்துழைப்பு.

மருந்தின் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவிலிருந்துதான் 1947இல் டி.இ.சி. வெளிவந்தது. மலிவான மருந்து, வாய்வழியாகச் சாப்பிடலாம். விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு கையில் வந்து விழுந்தது.

1955: எதை மறுத்தார்கள்?

அந்த வாய்ப்பு ஏன் வீணானது? திட்டம் ஒரு குடியானவரின் வீட்டு வாசலில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நுண்புழு இரவில்தான் ரத்தத்துக்கு வரும் என்பதால் பரிசோதனைக்காரர்கள் இரவில்தான் வருவார்கள். பகல் முழுக்க நடவு நட்டு, களை எடுத்துக் களைத்துத் தூங்குகிறவரை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். முடிவு என்னவென்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பிறகு மாத்திரை வரும். அன்றைய முறையில் அது ஒரே நாளில் முடிகிற விஷயம் அல்ல. தொடர்ந்து பல நாள் சாப்பிட வேண்டும்.

டி.இ.சி.யின் இயல்பு ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் நுண்புழு இல்லாதவருக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. நுண்புழு உள்ளவருக்கு, அவை சாகும்போது காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, தலைசுற்றல் வரும். ஓரிரு நாளில் சரியாகிவிடும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் கணக்கைப் பாருங்கள். எந்தக் குடியிருப்பில் நோய் அதிகமோ அங்கேதான் காய்ச்சலும் அதிகம் வரும். அன்றாடக் கூலி வாங்கிச் சோறு பொங்குகிற வீட்டில் இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் கூலி போனது. அந்தக் கூலிக்கு ஈடு என்று திட்டத்தில் எதுவும் இல்லை. காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளும் போதவில்லை. முதல் நாள் மாத்திரை போட்டுப் படுத்த மனிதரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் நாள் ஏன் வாயைத் திறப்பார்?

இதை மறுப்பு என்று சொல்லலாம். அறியாமை என்று சொல்லக் கூடாது. தன் உடலையும் கூலியையும் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

அந்தத் தீர்ப்பின் விளைவுதான் கொடுமை. எல்லோருக்கும் மாத்திரை என்ற முறை கைவிடப்பட்டது. திட்டம் நகரங்களுக்குள் சுருங்கியது. நகராட்சிச் சாக்கடைகளில் வாரந்தோறும் மருந்து தெளிப்பது, இரவு நேர யானைக்கால் மருத்துவ நிலையங்கள், இதுதான் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குத் திட்டம். கிராமங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. 'ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரு தீர்ப்பு ஒரு தலைமுறையின் கால்களை விலையாக வாங்கியது.

உப்பு சொன்ன பாடம்

மாத்திரை தோற்ற பிறகு வேறொரு வழி முயற்சி செய்யப்பட்டது. சமையல் உப்பில் மிகக் குறைந்த அளவில் டி.இ.சி.யைக் கலந்து கொடுப்பது. சீனாவில் இது பெரிய அளவில் நடந்தது. யானைக்காலை ஒழித்துவிட்டதாக 2007இல் உறுதி செய்யப்பட்ட அந்த நாட்டின் வெற்றியில் உப்புக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் லட்சத்தீவில் 1970களிலும், நம் பக்கத்துக் காரைக்காலில் 1980களிலும் இந்த உப்பு கொடுக்கப்பட்டது. காரைக்காலில் நுண்புழு உள்ளவர்களின் விகிதம் வெகுவாகக் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். மக்கள் அதே மக்கள். மருந்தும் அதே மருந்து. சிறிது சிறிதாக உடலுக்குள் போனதால் காய்ச்சல் இல்லை, கூலி போகவில்லை. யாரும் இரவில் கதவைத் தட்டி மாத்திரை திணிக்கவில்லை. 'ஒத்துழைப்பின்மை' காணாமல் போனது. 1950களில் தோற்றது மக்களா, கொடுத்த முறையா என்ற கேள்விக்கு உப்பு பதில் சொல்லிவிட்டது.

ஆனால் உப்பு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. சாப்பாட்டில் மருந்தைக் கலந்துவிட்டால் மக்களிடம் கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. உடல் பயன் பெறும், மனிதருக்குப் பேச்சு இருக்காது. நல்லது செய்கிறவர்களே இப்படித்தான் நினைக்கிறார்கள்: மக்களைச் சம்மதிக்கவைப்பது சிரமம், சுற்றிக்கொண்டு போய்விடலாம். சுற்றிக்கொண்டு போகாத ஒரு முயற்சியும் அதே காலத்தில் நடந்தது.

சேர்த்தலை: வேரிலிருந்து

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலை. 1946இல் புன்னப்புரா–வயலார் எழுச்சியில் கயிறுத் தொழிலாளர்கள் துப்பாக்கிக்கு முன் நின்ற வயலார் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்கே யானைக்காலுக்குக் காரணம் வேறொரு புழு, புரூகியா மலாயி. பரப்புவது மான்சோனியா கொசு. அதன் பழக்கம் விசித்திரமானது. அதன் புழுப்பருவம் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வராது. பிஸ்டியா என்ற மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்றை எடுத்துக்கொள்ளும். செடி இல்லையென்றால் கொசு இல்லை.

அப்படியானால் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே? 1930களிலேயே திருவிதாங்கூரில் அந்த இயக்கம் நடந்தது. ஆனாலும் செடி முற்றாகப் போகவில்லை. தென்னைக்கு அது நல்ல தழை உரம். குளத்தில் அதை வைத்திருக்க ஒரு காரணம் வீட்டுக்காரருக்கு இருந்தது.

புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அப்போது பி.கே. ராஜகோபாலன் அதன் இயக்குநர், 1980களின் நடுவில் சேர்த்தலைக்குப் போனது. செடியை எடு என்று உத்தரவு போடுவதோடு நிற்காமல், எடுத்தால் உனக்கு என்ன கிடைக்கும் என்ற இடத்திலிருந்து தொடங்கியது. செடியை எடுத்த குளத்தில் மீன் வளர்க்கலாம். எடுத்த செடி தென்னைக்கு உரமாகும். மீன் விற்றால் காசு. குளம் சுத்தமாக இருப்பது வீட்டுக்காரரின் சொந்த அக்கறையாக மாறியது. பள்ளி மாணவர்கள் மன்றங்கள் அமைத்தார்கள். யானைக்கால் ஒழிப்பு ஊரின் இயக்கமாக நடந்தது. மருந்தும் அதனோடு சேர்ந்து போனது.

இதையும் நாம் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். குளம் உள்ளவருக்கு மீன் கிடைக்கும். குளமும் நிலமும் இல்லாதவருக்கு? வருமானத்தை வைத்து மக்களைச் சேர்க்கிற எந்தத் திட்டமும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும். இருந்தாலும் சேர்த்தலை ஒன்றை நிரூபித்தது. ஏற்கெனவே சங்கம் கட்டிப் பழகிய, கூடிப் பேசிப் பழகிய ஊரில், மக்களுக்குச் செய்ய ஒரு வேலையும் அதில் ஒரு பலனும் இருந்தால், பங்கேற்பு தானாக வளரும். பங்கேற்பை மேலிருந்து தூவ முடியாது. அமைப்பு இருக்கும் இடத்தில்தான் அது முளைக்கும்.

ஒரு வேளை மாத்திரை

1990களில் மருத்துவம் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்தது. பல நாள் கொடுக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தாலே நுண்புழு வெகுவாகக் குறைகிறது. வளர்ந்த புழு உடலில் வாழ்கிற ஐந்தாறு ஆண்டுகளும் இப்படி ஊருக்கே கொடுத்துவந்தால் பரவல் அறுந்துவிடும். 1997இல் உலக சுகாதாரப் பேரவை யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டது. 2000இல் உலகளாவிய திட்டம் தொடங்கியது. இந்தியாவில் அதற்கு முன்பே ஏழு மாநிலங்களின் 13 மாவட்டங்களில் சோதனை முயற்சி நடந்தது. தமிழ்நாட்டில் கடலூர் அவற்றில் ஒன்று. 2004இல் நாடு முழுவதும் நோய் உள்ள 200க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குத் திட்டம் விரிந்தது. டி.இ.சி.யோடு அல்பெண்டசோல் சேர்ந்தது. 2018இலிருந்து சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்ந்து மூன்று மருந்தானது.

திட்டத்தின் கணக்கு எளியது. மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் விழுங்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லோரும்.

இங்கேதான் பழைய வாக்கியம் புது உடையில் வந்தது. பதிவேட்டில் மாத்திரை வழங்கப்பட்டோர் 90 சதவீதத்தைத் தொடும். வீடு வீடாகப் போய்க் கேட்டால் விழுங்கியவர்கள் அதைவிட வெகு குறைவாக இருப்பார்கள். ஒடிசா, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் ஆய்வாளர்கள் இந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். கொடுத்ததைப் பங்கேற்பு என்று எழுதிவிட்டு, விழுங்காததை மக்களின் மனோபாவம் என்று எழுதுவது வழக்கமானது. 2002 தேசிய சுகாதாரக் கொள்கை 2015க்குள் ஒழிப்போம் என்றது. அந்த ஆண்டு வந்து போனது. காலக்கெடு தள்ளிக்கொண்டே போய் இப்போது 2027இல் நிற்கிறது.

யார் கையால், எந்த வாசலில்

விழுங்காததற்குக் காரணம் தேடுகிறவர்கள் சாதியைத் தேடுவதில்லை. கேள்வித்தாளில் வயது இருக்கும், பாலினம் இருக்கும், படிப்பு இருக்கும், பக்கவிளைவு பயம் இருக்கும். மாத்திரை கொண்டுவந்தவர் வாசல்படி ஏறினாரா என்ற கேள்வி இருக்காது.

கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் ஆகியோர் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வருவதில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, மருந்து கொடுக்கும் கை குழந்தையின் கையைத் தொடாமல் விலகுவதைப் பதிவு செய்தது.

வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004இல் நாடு முழுக்கப் போனது. அதே ஆண்டுகளில், அதே நாட்டில், மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளர் தலித் வீட்டுக்குள் போகவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் 'ஒத்துழைக்கவில்லை' என்ற வாக்கியம் எழுவாயை மாற்றிக்கொள்கிறது. ஒத்துழைக்காதது யார்?

எதிரிலேயே விழுங்கவைக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. விழுங்கத் தண்ணீர் வேண்டும். யாருடைய தண்ணீர், யாருடைய தம்ளர்? தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இந்தக் கேள்வி விளக்கம் இல்லாமலே புரியும். களப்பணியில் நான் பார்த்த ஒரு கிராமத்தில் காலனிக்கான மாத்திரைகளை முனையில் ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை நிரப்பிப் போனார்கள். வெறும் வயிற்றில் போடக் கூடாது, காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. நூறு நாள் வேலைக்குக் காலையிலேயே போய்விட்ட பெண்கள் மாலையில் வந்து பொட்டலத்தை விளக்கு மாடத்தில் வைத்தார்கள். பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் விழுங்கியவர்கள்.

இதில் பணியாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மாத்திரை கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர், ஆஷா பணியாளர், தன்னார்வலர். ஏறத்தாழ எல்லோரும் பெண்கள். சொற்ப ஊக்கத்தொகைக்கு நூற்றுக்கணக்கான வீடுகள். 'மக்கள் பங்கேற்பு' என்ற பெயரில் அரசு சேமிப்பது இவர்களுடைய கூலியைத்தான். ஒரு பக்கம் கூலி இழந்து விழுங்குகிறவர், மறுபக்கம் கூலி இல்லாமல் கொடுக்கிறவர். இருவருக்கும் திட்டத்தை வகுத்த மேசையில் நாற்காலி இல்லை.

காலைக் கழுவத் தண்ணீர்

உலகத் திட்டத்துக்கு இரண்டு தூண்கள். பரவலைத் தடுப்பது ஒன்று. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கும் விரைவீக்கம் வந்தவர்களுக்கும் பராமரிப்புத் தருவது மற்றொன்று. முதல் தூணைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மாத்திரைக்கு எண்ணிக்கை உண்டு, வீங்கிய காலுக்குச் செய்தி மதிப்பு இல்லை.

வீங்கிய காலை மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் நோய் முற்றாமல் தடுக்க முடியும். தினமும் சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். புண் வந்தால் மருந்து போட வேண்டும். காலை உயர்த்தி வைக்க வேண்டும். செருப்புப் போட வேண்டும். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. இவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சுத்தமான தண்ணீர். செருப்பு. கால் நீட்டி ஓய்வெடுக்க ஓர் இடம். நம் வரலாற்றில் இவை ஒவ்வொன்றும் போராடி வாங்கியவை. ஊர்த்தெருவில் செருப்புக் காலோடு நடந்ததற்காக அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது வெறும் அடையாளச் செயல் அல்ல. தண்ணீர் இல்லாமல் உடல் இல்லை, உடல் இல்லாமல் மரியாதை இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மாநிலத்தில் நின்றுகொண்டு, "தினமும் சுத்தமான தண்ணீரில் கால் கழுவுங்கள்" என்று ஒரு துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. யானைக்கால் பராமரிப்பு என்பது தண்ணீர் உரிமைப் பிரச்சினை.

தமிழ்நாட்டில் முற்றிய நிலையில் உள்ள யானைக்கால் நோயாளிகளுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் நோய் நான்காம் நிலைக்குப் போகும்வரை காத்திருந்து பணம் கொடுப்பதைவிட, முதல் நிலையிலேயே தண்ணீரும் சோப்பும் செருப்பும் கொடுப்பது மலிவு, மனிதத்தன்மையும் கூட.

பழி இடம் மாறுகிறது

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் பரவல் அளவு குறைந்து, ஊருக்கே மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. இலங்கை 2016இலேயே இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. இன்று இந்தியாவில் சுமை அதிகம் உள்ள மாநிலங்களில் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், ஒடிசா ஆகியவை அடங்கும். அங்கிருந்துதான் நம் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக் கட்டடங்களுக்கும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் நிலமற்ற தலித்துகள், மிகப் பிற்படுத்தப்பட்டோர்.

நம் தோழர்கள் விழிப்பாக இருக்க வேண்டியது இங்கேதான். "வடக்கிலிருந்து வருகிறவர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள்" என்ற பேச்சு காதில் விழத் தொடங்கியிருக்கிறது. நேற்று சேரியைப் பார்த்துச் சொன்ன வாக்கியம்தான் இது. தகரக் கொட்டகையில் பத்துப் பேரை அடைத்துவைத்து, பக்கத்தில் கழிவுநீரைத் தேங்கவிட்டு, இரவில் ரத்தம் எடுத்து, பகலில் பழி போடுவது பழைய முறை. பரிசோதனை வேண்டும்தான். ஆனால் அவர்கள் மொழியில் விளக்கம் வேண்டும், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், தங்குமிடத்தின் சாக்கடையை முதலாளி மூட வேண்டும். கொசு தமிழ்நாட்டுச் சாக்கடையில்தான் பிறக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் இந்த வரலாற்றிலிருந்து சில வேலைகள் கிடைக்கின்றன.

உங்கள் ஊரில் எந்த மருந்து முகாம் நடந்தாலும், யானைக்காலோ குடற்புழுவோ தடுப்பூசியோ, நான்கு கேள்விகள் கேளுங்கள். காலனிக்கு யார் வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள்? கொடுத்த கணக்கு எவ்வளவு, விழுங்கிய கணக்கு எவ்வளவு? காய்ச்சலோ மயக்கமோ வந்தவரைப் பார்க்க அன்றிரவு யார் இருந்தார்கள்? பணியாளருக்கு என்ன கூலி?

கால் வீங்கியவர்களின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். அதில் உங்கள் தெருக்காரர்கள் விடுபட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பலர் வெட்கத்தால் வெளியே வருவதில்லை. கல்யாணம் தடைபடும் என்று மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சுகாதாரப் பணியாளரைவிட நீங்கள் எளிதாகப் பேச முடியும்.

ஊரின் சாக்கடை வரைபடத்தை நீங்களே போடுங்கள். தொடங்கும் இடம், ஓடும் தெரு, தேங்கும் இடம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அந்த வரைபடத்தை அங்கே வையுங்கள். சாக்கடையை மூடித் தரவும், காலனிக்குத் தனியாகக் குழாய் இழுக்கவும் தீர்மானம் கேளுங்கள். தீர்மான நோட்டில் எழுதவைத்துவிட்டுத்தான் எழுந்திருங்கள்.

மாத்திரை வந்தால் சாப்பிட்டுவிட்டு விழுங்குங்கள், மற்றவர்களையும் விழுங்கச் சொல்லுங்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நம் தாத்தா பாட்டிகளைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட மருந்து அது. ஆனால் விழுங்குவதோடு நம் பங்கேற்பு முடிந்துவிட்டது என்று யாராவது பதிவேட்டை மூடினால், சாக்கடையைக் காட்டுங்கள்.